முன்னபின்ன பதினைந்து அடி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவதால் வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோபத்தில்தான் போன ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பள்ளி சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பெங்களூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் கல்லூரி முதலாண்டுத் தரத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் ஒன்றைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் விரும்பினால் எடுத்துப் படிக்கலாம். தேறினால் பல்கலைக்கழகமே சான்றிதழ் தரும். நடத்தும் பொறுப்பு என்னுடையது. படிக்கத்தான் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பாதிப் பேருக்கு நீட், பாதிப் பேருக்கு ஜேஇஇ, பாவப்பட்ட சிலருக்கு இரண்டும்.

"அப்ப அந்த மூணு பீரியடையும் எனக்குக் குடுத்துடுங்க சார்," என்று தாளாளரிடம் சொன்னார் இயற்பியல் ஆசிரியர் ராஜ்குமார். "ஒம்பதாவதுக்கு இப்பவே ஐஐடி ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சிடலாம். பவளம் மேடத்தோட மரம் நடற பாடத்த யாரு படிக்கப் போறாங்க?"

மரம் நடுகிற பாடமாம்! எழுநூறு பக்கப் புத்தகம் அது. அதில் மரம் நடுவது பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தால் அதிகம்.

"பன்னெண்டாவதுக்கு வேண்டாம்னா போகட்டும். நான் ஒம்பதாவதுக்கே நடத்துறேன்," என்றேன்.

கூட்டம் சிரித்தது. தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசித்துவிட்டு ஒரு வருடம் தந்தார். பிப்ரவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். எழுத்துத் தேர்வு, கள ஆய்வு என்று இரண்டு உண்டு. இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பு தேறினால் பாடம் தொடரும். ஒன்றில் விழுந்தாலும் மூன்று பீரியடும் ராஜ்குமாருக்கு. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன் என்று அன்று மாலை என் கணவரிடம் சொன்னபோது, "உனக்கு ஏதுடீ வேட்டி?" என்று கேட்டுவிட்டு அவர் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்து நான்கு பேர். பாதிப் பேர் எங்களைப் போலத் தெற்கேயிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் வேப்பனப்பள்ளிப் பக்கத்து கிராமங்களிலிருந்து பள்ளி வேனில் வருகிற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஃபேக்டரிக் குடும்பங்கள் ஜன்னல் ஓரம், விவசாயக் குடும்பங்கள் கதவு ஓரம். நடுவில் சுவர் மட்டும்தான் இல்லை.

பதினெட்டு வயதுக்கு எழுதிய பாடத்தைப் பதினான்கு வயதுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று பொய் சொல்லமாட்டேன். முதல் மாதம் நைட்ரஜன் சுழற்சியில் சுழன்று சுழன்று நானே மயங்கி விழாத குறை. மடக்கை தெரியாத பிள்ளைகளுக்கு அமில அளவுகோலை எப்படிச் சொல்வது என்று கரும்பலகை முன்னால் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் பதினான்கு வயதுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அது வெட்கப்படுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தலையாட்டிவிட்டு டியூஷனில் கேட்டுக்கொள்ளும். இவர்கள் விடமாட்டார்கள். நவம்பரில் எழுத்துத் தேர்வு நடந்தது. முப்பத்து நான்கு பேரும் தேறிவிட்டார்கள். ராஜ்குமார் வினாத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மிச்சம் கள ஆய்வு. அதில்தான் விழுந்தோம்.

நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டோம். வகுப்பில் அனிதா என்று ஒரு பெண். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவளுடைய ஊரான முத்தனப்பள்ளியில் முப்பத்தெட்டு போர் இருந்தது, அதாவது ஆழ்துளைக் கிணறு. ஊரின் கிழக்கே ஏரி, மேற்கே கரடு என்கிற பாறைக்குன்று. பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமை வீடு வீடாகப் போய், போரில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். அழகான வரைபடம் போட்டார்கள். அதன்படி முத்தனப்பள்ளியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

டிசம்பரில் மதிப்பீட்டாளர் சுப்ரியா மேடம் கணினித் திரையில் வந்து இடைக்கால ஆய்வு நடத்தினார். சேலத்துக்காரர். குரல் மெதுவாக இருக்கும், கேள்வி மெதுவாக இருக்காது. எங்கள் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் வயலில் எடுத்துக்கொண்ட போட்டோவைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பின்னாடி ரெண்டு ஏக்கருக்குத் தக்காளி நிக்குதே. அது எந்தத் தண்ணியில வளருது?"

முப்பத்து நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த டேட்டாவை நான் ஏத்துக்க முடியாது. பிப்ரவரியில நேர்ல வரேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா ஆய்வு ஃபெயில்," என்றார். திரை அணைந்தது.

என் தலையில் ரத்தம் ஏறிவிட்டது. நேராக அனிதாவிடம் போனேன். உன் ஊர், உன் ஜனம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயா, உட்கார்ந்த இடத்திலேயே பொய்யாய் எழுதினாயா என்று வகுப்பு முழுக்கக் கேட்கக் கத்தினேன். அந்தப் பெண் அழவில்லை. எழுந்து நின்றாள்.

"அவங்க சொன்னதத்தான் மிஸ் எழுதினேன். எங்கப்பாவும் இல்லன்னுதான் சொன்னாரு. அதையும் எழுதினேன்."

"உங்க வீட்டு போர்லயும் தண்ணி இல்லையா?"

"இருக்குது மிஸ். தெனம் மூணு மணி நேரம் ஓடுது."

"பிறகு ஏன் இல்லன்னாரு?"

அனிதா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எழுநூறு பக்கம் படித்த ஒருத்திக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"எங்கூர்ல யாரும் சொல்லமாட்டாங்க மிஸ். தண்ணி நல்லா வருதுன்னு வாயால சொன்னா கண்ணு பட்டுடும். போர் நின்னுடும். எங்கப்பா எங்கம்மாகிட்டயே சொன்னதில்ல."

தமிழில் கேட்டால் "தண்ணி எங்கங்க இருக்குது", தெலுங்கில் கேட்டால் "நீள்ளு லேவு", கன்னடத்தில் கேட்டால் "நீரு இல்லா". மூன்று மொழியிலும் ஒரே பதில். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நாங்களும்தான் சொல்வோம். எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் சம்பளத்தைச் சொல்லமாட்டோம், பிள்ளைகளைத் தலை எண்ணமாட்டோம். போர் ஆழம் இங்கே அந்த வகை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வந்து பதினாறு வருடம் ஆகிறது. வெட்கமாக இருந்தது. அதே வகுப்பில், அதே சத்தத்தில், அனிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கத்தும்போது ஊருக்குக் கேட்கும்படி கத்திவிட்டு மன்னிப்பை மட்டும் காதோரம் சொல்வது நியாயமில்லை.

"கேட்டாத்தானே மிஸ் பொய் சொல்லுவாங்க. கேக்கவே வேண்டாம், அளந்திருவோம்," என்றான் ஜன்னல் ஓரத்திலிருந்து சுபாஷ். அவன் அப்பா வண்டிகளுக்கு வயர் கட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இரட்டை வயரை போருக்குள் விடுவது, வயர் நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே பல்பு எரிவது. இதுதான் அவன் திட்டம். பள்ளி வாளியில் வைத்துப் பார்த்தபோது பல்பு எரியவில்லை. அடுத்த நாளும் எரியவில்லை. மூன்றாவது நாள் ராஜ்குமார் அந்தப் பக்கமாக நடந்து போனார். போனவர் திரும்பி வந்தார்.

"பல்புக்கு இந்தக் கரண்ட் பத்தாதுடா. ஒரு டிரான்சிஸ்டர் போட்டு பஸ்ஸரைக் கட்டு," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, கடைசியில் அவரே உட்கார்ந்து பற்றவைத்தும் கொடுத்தார். எதிரியாக இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

ஐந்நூறு அடி வயர். பத்து அடிக்கு ஒரு எண் சீட்டு, நடுவில் அடிக்கு அடி மைக்கோடு, நுனியில் கனத்துக்கு ஒரு போல்ட். கருவி தயார். போரைத் திறக்க யார் விடுவார்கள்? அனிதாவின் அப்பா முனிவேலிடமே முதலில் போனோம்.

"வயர் வுட்டா நம்பர் தெரிஞ்சிடுமில்ல? உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி," என்று அவர் போரின் மூடிமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வந்து பள்ளி வாசலில் வேனிலிருந்து இறங்கும்போது அனிதா சொன்னாள்.

"மிஸ், நமக்கு யார் போர்ல எவ்ளோன்னு தெரியணுமா? இல்ல, ஊர்ல எங்கெங்க எவ்ளோன்னு தெரிஞ்சா போதுமா?"

நான் வேன் படியிலேயே நின்றுவிட்டேன். புத்தகத்தின் பத்தொன்பதாவது பாடத்தில் பெயர் மறைத்த தரவு என்று நான்கு பக்கம் இருக்கிறது. நாங்கள் இன்னும் அந்தப் பாடத்துக்குப் போகவே இல்லை.

அவள் சொன்ன முறை இது. வயரை போருக்குச் சொந்தக்காரரே இறக்குவார். பஸ்ஸர் சத்தம் கேட்டதும் வயரில் உள்ள எண்ணை அவரே பார்த்துச் சீட்டில் எழுதி, மடித்து, பூட்டிய பெட்டியில் போடுவார். பெயர் கிடையாது. பிள்ளைகள் அதுவரை முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்பார்கள். பெட்டி மட்டும் மூன்று. ஏரிப் பக்கத்து போருக்கு ஒன்று, நடு ஊருக்கு ஒன்று, கரட்டுப் பக்கத்துக்கு ஒன்று.

"ஓட்டுப் போடற மாதிரியா?" என்று முனிவேல் கேட்டார். மூடியிலிருந்து எழுந்தார்.

உண்மையில் அவருக்கே தன் போரின் மட்டம் சரியாகத் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. போர் போட்ட அன்று வண்டிக்காரன் சொன்னது, மோட்டார் இறக்கிய அன்று மெக்கானிக் சொன்னது, அதற்குமேல் பயம். பிறருக்குத் தெரியாமல் தனக்கு மட்டும் தெரியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஜனவரி முழுக்க வேலை நடந்தது. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டால் எல்லா மோட்டாரும் ஓடத் தொடங்கும், மட்டம் இறங்கிவிடும். அதனால் கரண்ட் வருவதற்கு முன்பே அளக்க வேண்டும். எந்த வாரம் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று கதவு ஓரத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வயர் சிக்கினால் எடுப்பது ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகளுக்குக் கைவந்தது. மாதக் கடைசியில் வகுப்பில் எது ஜன்னல் ஓரம், எது கதவு ஓரம் என்று எனக்கே மறந்துவிட்டது.

முப்பத்தெட்டில் முப்பத்தொரு போர் அளந்தாயிற்று. மிச்சம் ஏழில் ஐந்து திம்மராயனுடையவை. ஊரிலேயே பெரிய விவசாயி அவர். போர் பைப்புக்கே திருஷ்டி பொம்மை கட்டியிருந்தவர். "எங்க போர எவனும் எட்டிப் பாக்கக்கூடாது," என்று வரப்பிலேயே எங்களை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி இரண்டாவது வாரம், சுப்ரியா மேடம் முத்தனப்பள்ளிக்கே வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெஞ்சு போட்டோம். தாளாளர் வந்தார். பீரியட் தனக்கு வருமா என்று பார்க்க ராஜ்குமாரும் வந்தார். ஊர் பாதி கூடிவிட்டது. மேடத்தின் முன்னால் பிள்ளைகள் பெட்டிகளைத் திறந்து, கணக்கெடுத்து வைத்திருந்த சீட்டுகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஏரிப் பக்கம் சராசரி நூற்று அறுபத்து நான்கு அடி. நடு ஊர் இருநூற்று நாற்பத்தேழு. கரட்டுப் பக்கம் முந்நூற்று இருபத்திரண்டு. ஏரியிலிருந்து ஒவ்வொரு நூறு மீட்டர் தள்ளிப் போகும்போதும் தண்ணீர் ஏறக்குறைய பதினாறு அடி கீழே போகிறது. நேர்கோட்டுச் சமன்பாடு இன்னும் படிக்காத பிள்ளைகள் மூன்று சராசரியையும் புள்ளியாக வைத்து, வரைபடத்தின்மேல் நூலை இழுத்துப் பிடித்து அதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

மேடம் நிதானமாகப் பார்த்தார்.

"திரும்பி நின்னீங்க. சரி. சீட்டுல அவங்க பொய் எழுதலைன்னு எப்படித் தெரியும்?"

"பொய் எழுதியிருந்தா நம்பரெல்லாம் சிதறிப் போயிருக்கும் மேடம்," என்றான் சுபாஷ். "இது வரிசையா வருது."

"பொய்யும் வரிசையா வரும் தம்பி. முதல் தடவை முப்பத்தெட்டு போருக்கும் வரிசையாத்தானே தண்ணி இல்லன்னாங்க?"

சுபாஷ் உட்கார்ந்துவிட்டான். அது சரியான கேள்வி. ராஜ்குமார் தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதை அப்போதும் கவனித்தேன்.

அனிதா எழுந்தாள்.

"நாங்க அளக்காத போர் ஒண்ணு நீங்களே காட்டுங்க மேடம். அதுல எத்தினி அடியில தண்ணி நிக்கும்னு நாங்க சொல்றோம். அப்பறம் அளந்து பாருங்க."

மேடம் சுற்றிலும் பார்த்தார். எதிரே திம்மராயனின் நிலத்தில் போர் போடும் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவருடைய போர் ஒன்றில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லையாம். புதிதாக ஆயிரத்து இருநூறு அடி போட வண்டியை வரவழைத்திருந்தார்.

"அந்த வண்டி பக்கத்துல இருக்கிற போர்," என்றார் மேடம்.

இருப்பதிலேயே ஆகாத போரைத்தான் காட்ட வேண்டுமா! பிள்ளைகள் வரைபடத்தின்மேல் குனிந்தார்கள். தூரம் பார்த்தார்கள், நூலைப் பிடித்தார்கள், சண்டை போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் அனிதா நிமிர்ந்தாள்.

"ஏரிக் கரையிலேர்ந்து அறுநூறு மீட்டர். இருநூத்தி இருபது அடி மேடம். முன்னபின்ன பதினஞ்சு அடி."

"அதுக்கு வெளியே போனா?"

"ஃபெயில் போட்டுடுங்க."

அடிப்பாவி, முப்பது அடி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் மனதுக்குள் அலறினேன். தாளாளர் என்னைப் பார்த்தார். நான் தெரிந்தே செய்வதைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் வரப்பில் வரிசையாக நடந்தோம். திம்மராயன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அனிதா விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னா பாப்பா, போருக்குள்ள எறங்கிப் பாத்துக்கினு வந்தியா? மோட்டார் அறுநூறுல தொங்குது. காத்துதான் வருது. தண்ணி அதுக்கும் கீழ பூடுச்சி."

"இருக்கலாம் மாமா. எங்க கணக்கு தப்பாவும் இருக்கலாம்," என்றாள் அனிதா. "வண்டிய எறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி நீங்களே வயர் வுட்டுப் பாருங்க. நாங்க திரும்பி நிக்கறோம்."

அவர் வண்டியைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். கூடியிருந்த ஊரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, வயர்ச் சுருளை வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் திரும்புங்க."

பழக்க தோஷம், முப்பத்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சுப்ரியா மேடம் கையில் ஃபைலோடு விழித்தார். "நீங்களுந்தான் மேடம்," என்றான் சுபாஷ். அவரும் திரும்பினார். தாளாளர், ராஜ்குமார், போர் வண்டிக்காரர்கள் வரை எல்லோரும் கரட்டைப் பார்த்து நின்றோம்.

முதுகுக்குப் பின்னால் வயர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் எங்கே இருந்தாலும் சரி, இந்த மனிதர் வாயால் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து தண்ணீர் இல்லை என்றே சொல்லிப் பழகியவர். இன்றைக்கும் இல்லை என்று சொன்னால் தீர்ந்தது கதை. முப்பத்து நான்கு பிள்ளைகளின் ஒரு வருடம் அந்த ஒற்றை நாக்கில் நிற்கிறது.

பஸ்ஸர் அடித்தது.

யாரும் திரும்பவில்லை. சத்தம் நின்றது. வயரைத் தூக்கியிருக்கிறார். மறுபடி இறக்கினார், மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அப்படியே செய்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வரை எண்ணினேன்.

"இருநூத்தி இருபத்தேழு," என்றார் திம்மராயன், தனக்குத்தானே சொல்வதைப் போல. பிறகு ஊருக்கே கேட்கும்படி, "இருநூத்தி இருபத்தேழுய்யா! தண்ணி நிக்குது!"

பிள்ளைகள் குதித்த குதியில் வரப்பு தாங்கியதே பெரிய விஷயம். சுபாஷை யாரோ தூக்கினார்கள். பார்த்தால் ராஜ்குமார்.

"வண்டிய எடுத்துக்கினு போப்பா," என்று திம்மராயன் டிரைவரிடம் கையை ஆட்டினார்.

அனிதா மட்டும் குதிக்காமல் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, ஒரு நிமிஷம். நிக்கற மட்டந்தான் எங்களுக்குத் தெரியும். ஊத்து எவ்ளோ ஊறுதுன்னு இந்த வயர் சொல்லாது. மொதல்ல மோட்டாரத் தூக்கி, பைப்புல ஓட்ட இருக்குதான்னு பாருங்க. அது நல்லா இருந்தும் காத்து வந்துச்சின்னா அப்பறம் வண்டியப் பத்தி யோசிங்க."

சுப்ரியா மேடம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி அவளையே பார்த்தார்.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. திம்மராயனே வாய் திறந்துவிட்டார் என்றதும் ஊருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "எனுது நூத்தி எழுவது!" என்று ஒருவர் கத்தினார். "எங்குளுது முந்நூத்தி பத்து!" என்றார் இன்னொருவர். மனைவியிடம்கூட மூச்சு விடாத முனிவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நம்முளுது இருநூத்தி முப்பது!" என்றார், மார்பைத் தட்டிக்கொண்டு.

"இரு, இரு," என்று பின்னாலிருந்து அவர் மனைவி வெங்கடம்மாளின் குரல் வந்தது. "எங்கிட்ட நானூறுக்குக் கீழ பூடுச்சின்னியே? அந்தப் பக்கத்துக் கழனிக்குத் தண்ணி கேட்டதுக்கு?"

ஊர் சிரித்த சிரிப்பில் முனிவேல் மறுபடியும் ஒரு போர் மூடியைத் தேடினார்.

எண்கள் நாலா பக்கமும் பறந்தன. மேடத்தின் பேனாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் அனிதாவைக் கூப்பிட்டார்.

"இவங்க இப்ப சொல்றாங்களே, இதையும் உங்க அறிக்கையில சேத்துக்கலாமா?"

அனிதா ஊர்க்காரர்களை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவையும் பார்த்தாள்.

"வேணாம் மேடம். பொட்டியில இருக்கறத மட்டும் எடுத்துக்குங்க. கூட்டத்துல சொல்றது கொஞ்சம் கூடக்கொறைய இருக்கும்."

சுப்ரியா மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஃபைலை என் கையில் கொடுத்து, என் கைமேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். "எம்எஸ்சி பிள்ளைங்ககிட்ட இந்தப் பதிலை வாங்க நான் ரெண்டு வருஷம் போராடுறேன்," என்றார். "பாஸ். முப்பத்தி நாலு பேரும். அடுத்த வருஷமும் இந்தப் பாடம் ஒம்பதாவதுக்கேதான், சார். நீங்க மாத்தினா நான் கேப்பேன்." கடைசி இரண்டும் தாளாளருக்கு.

அந்த நிமிடம் முதலில் கத்தியது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவா அல்லது அவர்கள் டீச்சரா என்று ஆசிரியர் அறையில் இன்னும் தர்க்கம் நடக்கிறது. நான்தான்.